பெண்கள் ஐஸ் ஹாக்கியின் கீழ்ப்படிகள்: பேராக் பெண்ணுக்கு அங்கே இடம் இருக்கா?

ஐஸ் ஹாக்கியில் பந்து கிடையாது. 'பக்' எனப்படும் கறுப்பு வட்டுதான். எடை சுமார் 170 கிராம், குறுக்களவு 7.6 சென்டிமீட்டர். அதை எதுல செய்றாங்க தெரியுமா? ரப்பர்ல. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக்கிய ரப்பர். ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைய வைப்பார்கள். இல்லாவிட்டால் பனித்தரையில் துள்ளிக்கொண்டே போகும்.

ரப்பர் என்றால் பேராக் மக்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1877-ல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னமும் அங்கே நிற்கிறது. ஈப்போவைச் சுற்றி, சுங்கை சிப்புட் பக்கம், நம்மில் பலருடைய தாத்தா பாட்டி விடியற்காலையில் பிரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டியவர்கள்தான்.

ஆக, வட்டு செய்யும் பொருள் நமக்குப் பழக்கமானது. அந்த வட்டு ஓடும் பனித்தரைதான் தூரம். ஈப்போவிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கின் பனிச்சறுக்குத் தளங்களுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்.

இதை ஏன் இப்போது பேசுகிறோம்? 2025 ஜூன் மாதம் ஐக்கிய அரபு சிற்றரசின் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றது. பெரும்பாலும் லடாக் மலைப்பகுதிப் பெண்களைக் கொண்ட அணி அது. உலகத் தரவரிசையின் உச்சியில் இருக்கும் கனடாவோ அமெரிக்காவோ இந்த மாதிரிப் போட்டிகளுக்கு வருவதில்லை. 'கீழ்நிலைப் போட்டிதானே' என்று பலர் கடந்து போய்விட்டார்கள்.

கடந்து போகக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை. காரணத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'கீழ்நிலை' என்றால் என்ன?

முதலில் ஆட்டத்தின் அடிப்படை. ஒரு நேரத்தில் ஒவ்வோர் அணியிலும் கோல் காவலரோடு சேர்த்து 6 பேர் தளத்தில் இருப்பார்கள். 20 நிமிடங்கள் கொண்ட 3 பகுதிகள். வேகமாகச் சறுக்கினால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கும், அதனால் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெண்கள் ஆட்டத்தில் முகம் முழுக்க மூடும் தடுப்பு கட்டாயம்.

பெண்களுக்கான முதல் அதிகாரபூர்வ உலகக் கிண்ணப் போட்டி 1990-ல் கனடாவின் ஒட்டாவாவில் நடந்தது. ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது 1998 நாகானோ போட்டியில். அன்றிலிருந்து இன்றுவரை உலகக் கிண்ணமும் சரி, ஒலிம்பிக் தங்கமும் சரி, கனடா அல்லது அமெரிக்கா, இந்த இரண்டு நாடுகளில் ஒன்றுக்குத்தான் போயிருக்கிறது.

மற்ற நாடுகள் என்ன செய்வது? அதற்குத்தான் படிகள். உலகக் கிண்ணத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன் என்று அடுக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் 'ஏ', 'பி' பிரிவுகள். ஒரு பிரிவில் முதலிடம் வந்தால் மேலே ஏறலாம். கடைசியில் வந்தால் இறங்க வேண்டும். நம் காற்பந்து லீக் மாதிரிதான்.

இந்த ஏணிக்கே இன்னும் வராத நாடுகளும், அதன் அடிப்படியில் நிற்கும் நாடுகளும் ஆடிப் பழக ஆசிய அளவில் ஒரு போட்டி நடக்கிறது. முன்பு அதன் பெயர் 'சேலஞ்ச் கப் ஆஃப் ஏசியா'. 2016-ல் தைப்பே, 2017-ல் பேங்காக், 2018-ல் நம்ம கோலாலம்பூர், 2019-ல் அபுதாபி என்று ஊர் ஊராகப் போனது. 2006-ல் அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்த மலேசியாவின் பெண்கள் அணியும் இந்தப் போட்டிகளில் ஆடியிருக்கிறது.

படிகள் ஏன் வேண்டும்? ஒரு ஆட்டத்தின் கதை

2008 செப்டம்பர். வான்கூவர் ஒலிம்பிக்குக்கான ஆரம்பத் தகுதிச் சுற்று, இடம் லாட்வியா. ஸ்லோவாக்கியப் பெண்கள் பல்கேரியப் பெண்களைச் சந்தித்தார்கள். முடிவு: 82-0.

தட்டச்சுப் பிழை இல்லை. எண்பத்திரண்டு. 60 நிமிட ஆட்டத்தில் சராசரியாக 44 வினாடிக்கு ஒரு கோல்.

அந்தச் செய்தியை அப்போது உலகம் சிரித்துக்கொண்டே பகிர்ந்தது. ஆனால் அதன் அடுத்த பாகத்தைப் பாருங்க. அதே ஸ்லோவாக்கியா தகுதி பெற்று 2010-ல் வான்கூவருக்குப் போனது. அங்கே கனடாவிடம் 18-0 என்று தோற்றது.

82 கோல் போட்ட அணியே 18 கோல் வாங்குகிறது என்றால், பல்கேரியாவும் கனடாவும் ஒரே தளத்தில் இறங்கினால் என்ன ஆகும்? யாருக்கும் எதுவும் பயன் இருக்காது. தோற்கும் அணி எதையும் கற்றுக்கொள்ளாது, ஜெயிக்கும் அணிக்கும் அது பயிற்சி ஆகாது. தன் உயரத்துக்கு ஏற்ற எதிரணி கிடைத்தால்தான் ஓர் அணி வளரும். கீழ்நிலை டிவிஷன்கள் இருப்பது அதற்காக. அது ஒரு நாட்டைக் குறைத்துப் பேசும் பெயர் அல்ல.

லடாக் பெண்கள் ஏறிய விதம்

இந்திய அணியின் கதை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

லடாக்கின் லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் குளங்கள் தாமாகவே உறைந்துவிடும். அங்கே பனித்தரை இலவசம். ஆனால் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மாதங்கள்தான். அந்த இரண்டு மாதத்திலும் ஆண்கள் ஆடி முடித்த பிறகுதான் பெண்களுக்கு இடம் என்ற நிலை நீண்டகாலம் இருந்தது. காலணி, கவசம் எல்லாம் பெரும்பாலும் இரவல் அல்லது பழையது.

2016-ல் தைப்பேயில் முதன்முறையாக அனைத்துலகப் போட்டியில் இறங்கினார்கள். ஒரு ஆட்டத்திலும் வெற்றி இல்லை. அடுத்த ஆண்டு பேங்காக். பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றார்கள். அதுதான் அவர்களுடைய முதல் அனைத்துலக வெற்றி. அதே போட்டியில் மலேசியாவையும் வென்றார்கள். அதாவது, ஆண்டு முழுக்கப் பனித்தளம் இருக்கும் நம் அணியை, ஆண்டுக்கு இரண்டு மாதம் குளத்தில் பழகியவர்கள் வென்றார்கள்.

2018-ன் தொடக்கத்தில், கனடாவுக்காக நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஹேலி விக்கன்ஹைசர் லடாக் வந்து அந்தப் பெண்களோடு ஆடினார், பயிற்சி கொடுத்தார். பிறகு நிறுவன ஆதரவும் வந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் லடாக்கில் ஐஸ் ஹாக்கி லீக் நடத்தத் தொடங்கியது. முதல் வெற்றியிலிருந்து 2025 வெண்கலம் வரை 8 ஆண்டுகள்.

இங்கே கவனிக்க வேண்டியது, வெண்கலம் திடீரென்று வந்ததல்ல. தோற்பதற்கு ஓர் இடம் கிடைத்தது, மறுபடி போய்த் தோற்பதற்கு யாரோ டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள், அதன் பிறகுதான் ஜெயித்தார்கள்.

மலேசியாவில் நிலைமை என்ன?

நம் நாட்டில் குளம் உறையாது. பனி என்றால் பேரங்காடிதான். 1990-களின் இறுதியில் திறந்த சன்வே பிரமிட் தளத்தில்தான் ஒரு தலைமுறையே சறுக்கப் பழகியது. ஜூலியன் யீ அங்கே பழகித்தான் 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் வரை போனார். குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியா கலந்துகொண்டதே அதுதான் முதல் முறை.

2017 சீ விளையாட்டுப் போட்டியை மலேசியா நடத்தியபோது ஐஸ் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது, ஆண்களுக்கு மட்டும். தங்கம் யாருக்கு? பிலிப்பைன்ஸுக்கு. அவர்களிடமும் குளம் உறையாது, அவர்களும் பேரங்காடித் தளங்களில் வளர்ந்தவர்கள்தான். அதனால் 'வெப்ப நாடு, நமக்கு இது வராது' என்ற வாதம் நிற்காது.

அப்போ எது தடுக்குது? என் கணக்குப்படி மூன்று விஷயம்: தளம், நேரம், பணம். இந்த மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் வீடுகள் எவை என்று யோசித்துப் பாருங்கள்.

பேரங்காடித் தளம் என்பது முதலில் வியாபாரம். பகல் முழுக்கப் பொதுமக்கள் டிக்கெட் எடுத்துச் சறுக்குவார்கள். ஹாக்கி அணிக்குப் பொதுவாக அந்த நேரம் முடிந்த பிறகு இரவிலோ, கடை திறக்கும் முன் காலையிலோதான் இடம் கிடைக்கும். தளத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். சறுக்குக் காலணி, தலைக்கவசம், முகத்தடுப்பு, தோள், முழங்கை, கால் கவசங்கள், கையுறை, மட்டை எல்லாம் தனித்தனிச் செலவு. வளரும் பிள்ளைக்குக் காலணி அளவு மாறிக்கொண்டே இருக்கும்.

பெட்டாலிங் ஜெயாவில் கார் வைத்திருக்கும் குடும்பத்துக்கே இது சுமை. சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு 15 வயதுப் பெண் இரவு பத்து மணிப் பயிற்சிக்குப் போய்த் திரும்புவதைக் கற்பனை செய்யுங்கள். திறமை இருக்கா இல்லையா என்ற கேள்விக்கே நாம் இன்னும் வரவில்லை.

தோட்டத்துத் திடல் சொல்லும் பாடம்

இதை எழுதும்போது என் பாட்டியிடம் கைத்தொலைபேசியில் ஓர் ஆட்டத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "பனிக்கட்டி மேல கம்ப வச்சிக்கிட்டு என்னத்த தேடுறாளுங்க?" என்றார். சிரித்தேன். பிறகு அவர் சொன்னது மனதில் நின்றது: "எங்க தோட்டத்துலயும் திடல் இருந்துச்சுய்யா. பையனுங்க ஆடுவானுங்க. நாங்க பால் எடுத்து, வீட்டு வேலை முடிச்சு வர்றதுக்குள்ள இருட்டிடும்."

பேராக் தோட்டங்களில் கோயில், தமிழ்ப்பள்ளி, லயம், கள்ளுக்கடை, திடல், இவை ஒன்றாக இருந்தன. திடலுக்கு யாரும் வாடகை கேட்கவில்லை. நடந்து போகும் தூரம். அதனால்தான் தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்து அணி இருந்தது. திறமையைத் தேடி எந்த அதிகாரியும் அலையவில்லை, திடல் பக்கத்தில் இருந்தது, அதனால் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். பெண்கள் வரவில்லை என்றால் காரணம் திடல் இல்லாதது அல்ல, நேரம் இல்லாதது.

பிறகு தோட்டங்களே மாறின. 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளத்தான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பின் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை இருந்த இடங்கள் சிலவற்றில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மக்கள் நகர ஓரங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் நகர்ந்தார்கள். வேலை, வீடு இழப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். திடல் இழப்பைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை.

ஈப்போ நகரத்துக்கு ஹாக்கி புதிதல்ல. 1983-ல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டியால் உலக ஹாக்கி ரசிகர்களுக்கு இந்த ஊரின் பெயர் தெரியும். ஆனால் அது ஆண்களுக்கான போட்டி. புல்தரையோ செயற்கைத் தரையோ பனித்தரையோ, பெண்களின் கேள்வி கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: தளம் யாருக்குத் திறந்திருக்கு, எத்தனை மணிக்கு?

'இதுக்கெல்லாம் பொதுப்பணம் செலவு பண்ணணுமா?'

நியாயமான கேள்வி. பல தமிழ்ப்பள்ளிகளுக்குச் சரியான திடலே இல்லாதபோது ஐஸ் ஹாக்கிக்கு ஏன் காசு என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஈப்போவில் ஒரு பனித்தளம் கட்டுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். வெப்ப நாட்டில் அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் மின்சாரக் கட்டணமே ஒரு பெரிய செலவு. திடலா பனியா என்றால், முதலில் திடல்தான்.

ஆனால் தேர்வு அந்த இரண்டு மட்டும் அல்ல. நடுவில் சின்னச் சின்னப் படிகள் இருக்கின்றன. பள்ளி மண்டபத்தில் ஆடக்கூடிய ஃப்ளோர்பால் இருக்கிறது. அதற்கு லேசான மட்டையும் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் பந்தும் போதும், மலேசியாவில் ஏற்கெனவே பல்கலைக்கழக மாணவர்கள் ஆடுகிறார்கள். சிமெண்டுத் தரையில் உருளைச் சறுக்கு பழகலாம். ஹாக்கி மட்டை பிடித்துப் பழகிய கை எங்கேயும் வீணாகாது. இங்கிருந்து ஆண்டுக்குச் சில வார இறுதிகள், ஒரு பேருந்து, இரவல் கவசங்கள், நல்ல நேரத்தில் சில மணி நேரத் தளம், இவ்வளவு இருந்தால் பேராக்கிலிருந்து ஒரு பெண் தேசிய அணித் தேர்வு வரைக்குமாவது போக முடியும்.

கீழ்நிலை டிவிஷனின் விசேஷமே இதில்தான். கனடாவில் ஒரு பெண் விளையாட்டை விட்டுவிட்டால் அவர் இடத்துக்கு ஆயிரம் பேர் காத்திருப்பார்கள். ஆடுபவர்கள் கொஞ்சமாக இருக்கும் நாட்டில் ஒருத்தி விட்டுவிட்டால் அணியே பலவீனமாகும். திருப்பிச் சொன்னால், ஒருத்தி புதிதாக வந்தால் அணியே மாறும். ஒரு பேருந்துக் கட்டணம் தேசிய அணியின் நிலையை மாற்றக்கூடிய மட்டம் விளையாட்டு உலகில் வேறு எங்கும் இல்லை. மேல்மட்டத்தில் கொட்டும் பணம் ஒரு பதக்கத்தைக் கொஞ்சம் நகர்த்தும். இங்கே கொடுக்கும் கொஞ்சப் பணம் ஒரு விளையாட்டையே தொடங்கி வைக்கும்.

அடுத்த முறை ஸ்கோர் பார்க்கும்போது

மலேசியப் பெண்கள் அடுத்த முறை ஆடும்போது, செய்தியில் 6-1, 9-0 என்ற மாதிரி எண்கள் வரலாம். கோல் கணக்கோடு நிறுத்தாமல் மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, அணியில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள். ஓர் அணி 20 பேருக்கு மேல் கொண்டு போகலாம். 13, 14 பேரோடு ஆடும் அணிக்கு மாற்று ஆட்கள் குறைவு, மூன்றாம் பகுதியில் கால் ஓயும். அங்கே விழும் கோல்கள் திறமைக் குறைவைவிட ஆள் குறைவைத்தான் காட்டும்.

இரண்டு, கோல் காவலர் எத்தனை அடிகளைத் தடுத்தார். 9 கோல் விட்டவர் 50 அடிகளைத் தடுத்திருக்கலாம். அப்படியென்றால் அன்றைய சிறந்த ஆட்டக்காரரே அவர்தான்.

மூன்று, போன முறை இதே எதிரணியோடு என்ன ஸ்கோர். 10-0 இந்த முறை 5-2 ஆனால், தோல்வி என்ற சொல் பாதி உண்மைதான்.

இன்னொன்றும் பாருங்கள். அணிப் பட்டியலில் வீராங்கனைகள் எந்த ஊர் என்று தெரிந்தால், பேராக் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், உடனே 'நம்ம பிள்ளைங்களுக்கு ஆர்வம் இல்ல' என்று முடிவு கட்ட வேண்டாம். லடாக்கிலும் ஆர்வம் முதலிலிருந்தே இருந்தது. தளம், நேரம், டிக்கெட் மூன்றும் ஒன்றாகக் கிடைத்த பிறகுதான் அது ஸ்கோரில் தெரிந்தது.

என் பாட்டி அந்த ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இந்தப் பிள்ளைங்க ராத்திரி எப்படி வீடு போய்ச் சேருவாங்க?" இந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வியும் அதுதான்.